நாலாவது கோடு

ராஜினாமாக் கடிதத்தைச் சீஃப் பைலட்டின் தபால் தட்டில் போட்டு இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அதைத் திரும்ப எடுத்துவிட வேண்டும் என்று முக்கால் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார்.

முக்கால் என்பது வீட்டில் வைத்த பெயரல்ல, விமானிகளின் ஓய்வறையில் வைத்த பெயர். கேப்டனுக்குச் சட்டைத் தோளில் நாலு கோடு, கோ-பைலட்டுக்கு மூணு. பதினோரு வருஷமாக மூணு கோட்டோடு விமானத்தின் வலது பக்க இருக்கையிலேயே உட்கார்ந்து வருகிறவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? அவருடைய கம்பெனி நாற்பது வருஷத்துப் பழைய கம்பெனி. அங்கே எல்லாமே வரிசைதான். முன்னால் இருப்பவர் ஓய்வு பெற்றால்தான் பின்னால் இருப்பவர் நகரலாம். முன்னால் இருந்தவர்களோ காலையில் ஓடினார்கள், உப்பைக் குறைத்தார்கள், வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனையில் காளை மாதிரி தேறி வந்தார்கள். ஒருவரும் நகர்கிற வழியாக இல்லை.

ஆனால் சம்பளம் மட்டும் தேதி தவறாது. பறந்தாலும் மாதம் எழுபது மணி நேரச் சம்பளம். பறக்காமல், ஸ்டாண்ட்பை என்ற பெயரில் ஓய்வறை நாற்காலியில் செய்தித்தாள் படித்தாலும் அதே எழுபது மணி நேரச் சம்பளம். இன்றைக்கும் அவருக்கு ஸ்டாண்ட்பைதான். யாருக்காவது காய்ச்சல் வந்தால் இவர் பறக்க வேண்டும், வராவிட்டால் குறுக்கெழுத்துப் போட்டி.

புதுக் கம்பெனி பிறந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அங்கே வரிசையும் கிடையாது, வயதானவர்களும் கிடையாது. போன உடனே இடது பக்க இருக்கை, தோளில் நாலு கோடு, முக்கால் வாங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு சம்பளம். தங்களிடம் ஆள் பலம் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டும் அவசரம் வேறு அவர்களுக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே பெயரைக் கேப்டன்கள் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். விமானம் ஐந்து, கேப்டன் முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டாவது பெயர், போன வாரத்திலிருந்து, முக்காலுடையது.

அவராகப் போக நினைத்தவரல்ல. எல்லாவற்றுக்கும் மனைவியின் தம்பிதான் காரணம். முக்காலைவிட எட்டு வயது இளையவன். பரீட்சைக்கு இவருடைய பழைய புத்தகங்களை வாங்கிப் படித்துவிட்டு, அவற்றைத் திருப்பித் தராமலே புதுக் கம்பெனியில் கேப்டனாகிவிட்டான். அன்றிலிருந்து மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கை வைத்த நாற்காலி மச்சினனுக்குப் போனது, முக்காலுக்கு மடக்கு நாற்காலி வந்தது. "கேப்டன் சார், இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று மாமனார் பெற்ற மகனையே சார் போட்டு உபசரிக்கும்போதெல்லாம் முக்கால் தண்ணீர் குடிப்பார். அந்த வீட்டில் அவர் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை.

போன மாதம் அதே மேஜையில் மச்சினன் தன் சம்பளத்தைச் சொன்னான். முக்காலின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஒரு தாளில் கோடு போட்டு, இடது பக்கம் பழைய கம்பெனி, வலது பக்கம் புதுக் கம்பெனி என்று எழுதி, கூட்டி, கழித்து, விடையைப் பெட்டி கட்டிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். அடியில் சிவப்பு மையில், 'எனில், நாம் ஏன் இன்னும் யோசிக்கிறோம்?' என்று ஒரு கேள்வி. ஒரு மாத காலம், பால் எடுக்கப் போன ஒவ்வொரு தடவையும் முக்கால் அந்தப் பரீட்சையில் தோற்றார். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை ஒன்பது மணிக்குக் கடிதத்தைத் தட்டில் வைத்துவிட்டு, சந்தோஷத்தைப் பங்கு போட்டுக்கொள்ள மச்சினனுக்குத்தான் முதலில் போன் செய்தார்.

"போட்டே போட்டுட்டீங்களா அத்தான்?"

"போட்டாச்சு. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"இல்ல, போன மாசம் நான் எத்தனை மணி நேரம் பறந்தேன்னு கேளுங்களேன்."

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

ஐந்து விமானத்தில் இரண்டு, எஞ்சின் வராமல் மூலையில் நிற்கின்றனவாம். மிச்சம் மூன்றையும் முப்பத்தேழு கேப்டன்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்களாம். அங்கே பறந்த நேரத்துக்கு மட்டும்தான் காசு. நேரம் என்பது சக்கரம் உருள ஆரம்பித்ததிலிருந்து நிற்கிற வரை. அதனால் ஓடுபாதைக்குப் போகிற வழியில் அவன் விமானத்தை மெதுவாக உருட்டுகிற அழகைப் பார்த்து, பெட்டி ஏற்றும் வண்டிக்காரர்கள் முந்திக்கொண்டு போய்க் கை காட்டுகிறார்களாம். அப்படி உருட்டிச் சேர்த்தும்தான் இந்த முப்பத்தொன்று.

"அப்ப மேஜையில அவ்வளவு பெரிய தொகை சொன்னியே?"

"அது பொய்யில்ல அத்தான். எழுபது மணி பறந்தா கண்டிப்பா வரும். எழுபது மணின்னு மட்டும் நான் சொல்லல. அப்பா அவ்வளவு ஆசையா கேக்கும்போது எப்படிச் சொல்றது?"

முக்கால் போனை வைத்துவிட்டார்.

கடிதம் இன்னும் தட்டில்தான் இருக்கும், சீஃப் பைலட் பத்து மணிக்கு முன்னால் வர மாட்டார் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். வாசலில் செயலாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷ அனுபவம், தலை சாய்த்துக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை. தட்டு துடைத்து வைத்தது போல் காலியாக இருந்தது.

காலையில் ஓர் உறை வைத்தேனே என்று முக்கால் மென்று விழுங்கினார். சீஃப் பைலட்டுக்கு இன்று முழுக்க சிமுலேட்டர் கட்டடத்தில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை என்றும், தட்டில் இருந்ததையெல்லாம் முத்திரை குத்திப் பையில் போட்டு அங்கே அனுப்பியாகிவிட்டது என்றும் அந்த அம்மாள் சொன்னார். சொல்லிவிட்டு, அந்த உறையில் என்ன இருந்தது என்று கேட்டார்.

"லீவு லெட்டர்" என்றார் முக்கால். "தேதி தப்பாப் போட்டுட்டேன்."

லீவு லெட்டர் தட்டுக்கு வரக் கூடாது, தன்னிடம்தான் வர வேண்டும் என்று அவர் கனிவாகவே கண்டித்தார். பரவாயில்லை, சரியான தேதியைச் சொன்னால் இப்போதே ஏற்றிவிடலாம் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். முக்காலுக்கு மூளை ஓடவில்லை. வாய் தானாக, "இன்னிக்கு" என்று சொல்லிவிட்டது.

"இன்னிக்கா? நீங்க இப்ப டூட்டியில இருக்கீங்களே. உடம்பு சரியில்லையா?"

உண்மையைச் சொல்ல முடியாத இடத்தில் மனிதன் என்ன செய்வான்? தலையை ஆட்டினார். அந்த அம்மாள் முகத்தில் நிஜமான கவலை வந்தது. நாலு பொத்தானைத் தட்டினார். டூட்டி நேரத்தில் உடம்பு சரியில்லை என்று சொன்ன விமானி, கம்பெனி டாக்டரைப் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது என்பது சட்டம் என்று சொல்லி, போகிற வழியில் விழுந்துவிடப் போகிறார் என்று ஒரு காவலாளியையும் துணைக்கு அனுப்பினார்.

டாக்டர் சின்னப் பெண். சிரித்த முகம். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். காற்று இறங்கியது, டாக்டரின் சிரிப்பும் இறங்கியது. இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார்.

"நூத்தி அறுபதுக்கு நூறு. எப்பவும் இப்படியா?"

இன்றைக்கு மட்டும்தான் என்றார் முக்கால். இன்றைக்கு அப்படி என்ன என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லும்போதே கழுத்து நரம்பு தெறிப்பது அவருக்கே தெரிந்தது. டாக்டர் எழுத ஆரம்பித்தார். மூன்று நாள் தொடர்ந்து ரத்த அழுத்தம் பார்த்து, சரியாக இருந்தால்தான் பறக்கலாம். ஒரு நகல் சீஃப் பைலட்டுக்கு, ஒரு நகல் நிரந்தர மருத்துவக் கோப்புக்கு. அந்தக் கோப்பைப் புதுக் கம்பெனிக்காரர்களும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள் என்று முக்காலுக்கு உறைத்தபோது, டாக்டர் அதில் கையெழுத்தே போட்டு முடித்துவிட்டார்.

காலை ஒன்பது மணிக்கு இரண்டு வேலை வைத்திருந்த மனிதருக்குப் பத்தே காலுக்கு ஒன்றும் இல்லாமல் போனது. மகளின் படிப்பு, மனைவியின் சிவப்பு மை, மாமனார் வீட்டு மடக்கு நாற்காலி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் முன்னால் வந்து போயின. அந்த நாற்காலிகூட இனிமேல் கிடைக்குமா என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

சிமுலேட்டர் கட்டடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். வழியில் ஒரு நீண்ட தாழ்வாரம். அதன் பாதியில் சீருடை தைக்கிற அறை. அங்கே இருந்த தையல்காரர் இரண்டு கம்பெனிக்கும் பொது. பழைய கம்பெனிக்குத் தங்க நூல், புதுக் கம்பெனிக்கு வெள்ளி நூல். போன வாரம்தான் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து முக்கால் அவரிடம் அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. குனிந்து கடந்துவிடலாம் என்று பார்த்தார், முடியவில்லை.

"சார், உங்க சட்டை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முக்கால் பாய்ந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சட்டை வேண்டாம், நிறுத்திவிடுங்கள், வெளியே மூச்சு விடாதீர்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னார். காலர் மட்டும்தான் பாக்கி என்று தையல்காரர் வருத்தப்பட்டார். காலரும் வேண்டாம் என்றார் முக்கால்.

"உங்க இஷ்டம் சார். எனக்கும் இன்னிக்கு நிமிர நேரமில்ல. விடிஞ்சதும் ஒரு பெரிய ஆர்டர் வந்து விழுந்திருக்கு."

திரும்பி வரும்போது தைத்த வரைக்கும் கூலி தருவதாகச் சொல்லிவிட்டு முக்கால் ஓடினார். யாருடைய ஆர்டர் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் இருந்த நிலையில் கூரை தீப்பற்றியிருந்தால்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

சீஃப் பைலட் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் கண்ணாடி அறையில் தனியாக இருந்தார். மேஜையில் உறைகள் அடுக்கியிருந்தன. முக்காலின் உறை மேலேயே இருந்தது, இன்னும் பிரிக்கவில்லை. டாக்டரின் சீட்டு மட்டும் போனில் வந்து சேர்ந்துவிட்டிருந்தது.

"உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்க. ஓடி வர்றீங்க?"

முக்கால் உறையைக் காட்டி, தவறுதலாக வைத்துவிட்டேன், எடுத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினார். அப்படிக் கையை நீட்டியதுதான் தப்பு. அதுவரை அந்த உறையைக் கவனிக்காத மனிதர் அதை எடுத்து, நிதானமாகப் பிரித்து, கடைசி எழுத்து வரை படித்தார்.

"புதுக் கம்பெனிக்கா?"

"ஆமா சார். அவசரப்பட்டுட்டேன். எனக்குப் போக வேண்டாம் சார்."

"அங்க கையெழுத்துப் போட்டாச்சா?"

"போன வாரம் போட்டேன் சார்."

கத்துவார் என்று முக்கால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். சீஃப் பைலட் கத்தவில்லை. அவரை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் செய்தார். சத்தம் கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை முக்காலைத் திரும்பிப் பார்த்து, போனில் பேசுகிறவரின் கண்ணுக்குத் தெரியும் என்பது போல் ஒரு விரலை உயர்த்தி ஆட்டினார். ஒருத்தன் போனால் என்ன என்று சொல்கிறாரோ? முக்காலுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்தவரின் குரலில் தேன் சொட்டியது. பதினோரு வருஷம் உழைத்தவரைக் கம்பெனி கைவிடாது என்றார். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும், ரத்த அழுத்த விஷயத்தை டாக்டரிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். சின்னதாக ஒரு கையெழுத்து மட்டும் தேவை. இரண்டு பக்கம் அச்சாகி வந்தது. அடுத்த ஐந்து வருஷம் கோ-பைலட்டாகவே இருக்கச் சம்மதம், கேப்டன் பதவி கேட்பதில்லை, கம்பெனியில் என்ன மாற்றம் வந்தாலும் அதைக் காட்டிப் புதிதாக உரிமை எதுவும் கோருவதில்லை. ஐந்து வருஷம் என்ற இடத்தில் முக்காலின் பேனா ஒரு கணம் நின்றது. முப்பத்தொரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டார். பேனா தானாக ஓடியது. இரண்டாவது பக்கத்தை அவர் படிக்கவே இல்லை.

"அவங்களுக்கும் இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க. என் முன்னாடியே" என்றார் சீஃப் பைலட். "ஸ்பீக்கர்ல போடுங்க."

புதுக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினாள். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனாள். "சார், இன்னிக்கு மட்டும் எந்த முடிவும் எடுக்காதீங்க. மத்தியானம் வரைக்கும் பொறுங்க. இதுக்கு மேல நான் எதுவும் சொல்லக் கூடாது சார்."

தன்னை இழக்க மனமில்லாமல் ஒருவர் இப்படிக் கெஞ்சுவதை முக்கால் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார். உள்ளுக்குள் கொஞ்சம் குளிரத்தான் செய்தது. எதிரே சீஃப் பைலட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. என் பேரைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க" என்றார் முக்கால், தெளிவாக.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சீஃப் பைலட் அவருக்குக் கை கொடுத்தார். உங்களால் கம்பெனிக்கு நல்லது நடந்திருக்கிறது என்று வேறு சொன்னார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்து, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டினார். திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தார். அவள் திட்டவில்லை.

"தப்பு என்னோடதுங்க. அங்கேயும் எழுபது மணி நேரம்னு நானா வச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டேன். ஒரு பிள்ளை பரீட்சையில அப்படி எழுதியிருந்தா முட்டை போட்டிருப்பேன். மூணு கோடே போதும். நீங்க நிம்மதியா வீட்டுக்கு வாங்க. அந்தத் தாளைக் கிழிச்சிடுறேன்."

அந்த ஒரு வார்த்தையில் முக்காலின் உடம்பே லேசாகிவிட்டது. திரும்பும் வழியில் டாக்டர் அறைக்குள் தலையை நீட்டி, இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டார். நூற்று இருபத்தைந்துக்கு எண்பது. டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்தார். முக்கால் சிரித்தார். இனிமேல் மச்சினன் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளட்டும், மாதம் முப்பத்தொரு மணி நேரம் உருட்டுகிறவனுக்கு அந்த நாற்காலியாவது மிஞ்சட்டும் என்று மனசுக்குள் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

தையல் அறைக்கு அவர் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் வெள்ளைச் சட்டைகள் மலை மாதிரி குவிந்திருந்தன. தைத்த வரைக்குமான கூலியை எடுத்து நீட்டியவர், குவியலின் மேலே இருந்த சட்டையின் தோளை விளையாட்டாகத் தொட்டுப் பார்த்தார். நாலு கோடு. தங்க நூல்.

"தங்க நூலா? நம்ம கம்பெனியில இத்தனை பேருக்கு எப்பக் கேப்டன் பதவி வந்துச்சு?"

"அது உங்க மச்சினருக்கு சார்" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடியே. "புதுக் கம்பெனியை நம்ம கம்பெனி வாங்கிடுச்சு, அந்தப் பட்டியல்ல இருக்கிற அத்தனை பேரும் இன்னிக்கு மத்தியானத்துல இருந்து நம்ம சம்பளத்துல நம்ம கேப்டன். காலையில விஷயம் சொல்லாம முப்பத்தெட்டு சட்டைன்னு மட்டும்தான் சொன்னாங்க. அரை மணி முன்னாடிதான் சீஃப் பைலட் போன் பண்ணி, உங்களுதை மட்டும் அடிச்சுட்டு முப்பத்தேழு தைக்கச் சொன்னாரு."